விழாத கோல்களின் கணக்கு

கிளித்தட்டில் மறிக்கிறவருக்குப் பெயர் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை. மணலில் காலால் கோடு கீறி, கோட்டுக்கு ஒருவராகக் கையை விரித்துக்கொண்டு நிற்பது ஒரு கட்சி. அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கடந்து கடைசிக்குப் போய்த் திரும்புவது மற்றக் கட்சி. போகிறவர் காய், திரும்புகிறவர் பழம். பழம் ஒன்று வெளியே வந்துவிட்டால் அந்தக் கட்சிக்கு வெற்றி. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் கூவுவார்கள். மறிக்கிறவர் அதற்குமுன் பத்துத் தரம் வழியை அடைத்திருக்கலாம். அதை ஒருவரும் எண்ணுவதில்லை. ஓடுகிறவர் மேல் கை பட்டால் கட்சி மாறும், அவருக்குக் கிடைக்கிற பலன் அவ்வளவுதான். நடுக்கோட்டில் ஓடித் திரிகிற கிளிக்காவது ஒரு பெயர் உண்டு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. சம்பூர், மூதூர் பக்கத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே பழகுகிற இந்த ஆட்டத்துக்குள் ஒரு பழைய வழக்கம் கிடக்கிறது. கடந்தவரை எண்ணுவார்கள், மறித்தவரை எண்ணமாட்டார்கள். உலகத்தின் பந்தாட்டங்களிலும் நெடுங்காலம் இதே வழக்கம்தான் இருந்தது. அதை அழுத்தமாக மாற்றிய ஆட்டம் கனடாவின் ஐஸ் ஹொக்கி. அதனால்தான் அங்கே ஓய்வுபெற்ற ஒரு கோல்காப்பாளருடைய வாழ்க்கையை வருடம் வருடமாக, ஆட்டம் ஆட்டமாக எழுத முடிகிறது. நமது பக்கத்திலோ, புல்தரை ஹொக்கி கண்ட மிகச் சிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவருடைய கதைகூட நாலைந்து ஆட்ட முடிவுகளோடு நின்றுவிடுகிறது. இந்த வித்தியாசம் ஆட்களின் திறமையால் வந்ததல்ல, எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்பதால் வந்தது என்பதே என் கருத்து.

அந்த ஒருவர் சங்கர் லக்ஷ்மண். அம்பேத்கர் பிறந்த அதே மாவ் படை நகரத்தில், 1933 ஜூலை 7 அன்று பிறந்தவர். 1947இல், மீசை அரும்பாத வயதில், மராட்டிய லைட் இன்ஃபன்ட்ரியில் வாத்தியக் குழுப் பையனாகச் சேர்ந்தார். முதலில் உதைபந்தாட்டம் ஆடினார், பிறகுதான் ஹொக்கிக்கு வந்தார். 1956இல் மெல்பேர்ன், 1960இல் ரோம், 1964இல் டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவின் கோல் வாசலில் நின்றார். மூன்றிலும் இந்தியா இறுதி ஆட்டத்துக்குப் போனது, மூன்றிலும் எதிரே நின்றது பாகிஸ்தான். மெல்பேர்னில் ரந்தீர் சிங் ஜென்டில் அடித்த ஒரே கோலால் இந்தியா வென்றது. ரோமில் பாகிஸ்தானின் நஸீர் அடித்த ஒரே கோலால் தோற்றது. 1928 முதல் அசையாமல் இருந்த தங்கப் பதக்கம் அன்றைக்குக் கைமாறியது. டோக்கியோவில் மொஹிந்தர் லால் பெனால்டி ஸ்ட்ரோக்கில் அடித்த ஒரே கோலால் அது திரும்பி வந்தது. ஆட்டத்துக்கு 70 நிமிடம் என்றால் மூன்று இறுதிக்கும் 210 நிமிடம். இரண்டு நாட்டுக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த 210 நிமிடத்தில் லக்ஷ்மணைத் தாண்டியது ஒரே ஒரு பந்து.

இப்போது அந்தக் கதையை யாரிடமாவது சொல்லச் சொல்லுங்கள். ஜென்டில், நஸீர், மொஹிந்தர் லால் என்று மூன்று பெயர் வரும், ஏனென்றால் ஸ்கோர் தாளில் இருக்கிற பெயர்கள் அவை. லக்ஷ்மண் அந்தக் கதைக்குள் நுழைவது ரோமில்தான், அதுவும் தோற்ற அன்றைக்கு. அவர் தடுத்தவை எத்தனை, எந்த நிமிடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தவை என்பதற்கு அன்றைய ஹொக்கித் தாளில் ஒரு நிரல்கூட இருக்கவில்லை. 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி இதைவிடக் கூர்மையான உதாரணம். அங்கே இந்தியாவும் பாகிஸ்தானும் 0-0 என்று சமநிலையில் முடித்தன. புள்ளியும் சமம். மற்ற நாடுகளுக்கு எதிராக யார் கூடுதலாகக் கோல் குவித்தார்கள் என்று பார்த்துப் பாகிஸ்தானுக்குத் தங்கம் கொடுத்தார்கள். முக்கியமான ஆட்டத்தில் கோல் வாங்காமல் நின்றது ஒரு பொருட்டே இல்லை என்று விதியே சொன்ன நாள் அது. எட்டு வருடம் கழித்து, 1966இல் பாங்கொக்கில், லக்ஷ்மண் அணித் தலைவராக நின்று பாகிஸ்தானை 1-0 என்று வென்று இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டின் முதல் ஹொக்கித் தங்கத்தைக் கொண்டுவந்தார். கோல்காப்பாளர் ஒருவர் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றது அதுவே முதல் தடவை. 1964இல் அர்ஜுனா விருது, 1967இல் பத்மஸ்ரீ. 1968இல் மெக்சிக்கோவுக்குப் போன அணியில் அவர் இல்லை.

அவர் நின்ற விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கோல் வாசல் 12 அடி அகலம், 7 அடி உயரம். பந்து கிரிக்கெட் பந்தின் பருமன், ஏறத்தாழ 160 கிராம், கல்லைப் போலக் கெட்டி. அதற்கு எதிரே அன்றைய கோல்காப்பாளரிடம் இருந்தவை கிரிக்கெட்காரருடையதைப் போன்ற இரண்டு பாட், சப்பாத்துக்கு மேலே கட்டுகிற ஒரு சோடித் தோல் உறை, கைக்கு ஓர் உறை, ஒரு மட்டை. பாட்டின் உள்ளே பிரம்புக் கீற்று, அதைச் சுற்றிப் பஞ்சு, வெளியே துணியும் தோலும். கெண்டைக்காலுக்குப் பின்னால் வாரும் கொக்கியும். புல்லில் ஈரம் இருந்தால் பஞ்சு தண்ணீரைக் குடிக்கும், காலைத் தூக்குவதற்கே ஒரு பலம் வேண்டியிருக்கும். தலைக்கு ஒன்றும் இல்லை, முகத்துக்கு ஒன்றும் இல்லை. பெனால்டி கோர்னரில் பந்தை நிறுத்தி ஒருவர் முழுப் பலத்தோடு அடிக்கும்போது, கோல்காப்பாளர் கோட்டைவிட்டு முன்னே ஓடிப்போய்ப் பந்து வரும் கோணத்தைச் சுருக்குவார். அதாவது, அடி விழுகிற இடத்தை நோக்கித் தானே ஓடுவார். கெட்டியான பந்துக்கு முன்னால் வெறும் முகத்தோடு ஓடுவது பழக்கமாக வேண்டுமென்றால் எத்தனை காலைப் பயிற்சி வேண்டும் என்பதை ஆடியவர்கள் அறிவார்கள்.

வியப்பு என்னவென்றால், ஐஸ் ஹொக்கியின் கோல்காப்பாளரும் இதே கிரிக்கெட் பாட்டில் இருந்துதான் தொடங்கினார். 1896 பெப்ரவரியில் வின்னிபெக் விக்டோரியாஸ் அணி மொன்றியலுக்குப் போய் ஸ்டான்லி கிண்ணத்துக்கு ஆடியபோது, அவர்களுடைய கோல்காப்பாளர் ஜோர்ஜ் மெரிட் வெள்ளைக் கிரிக்கெட் பாட் கட்டிக்கொண்டு பனித்தரையில் இறங்கினார். ஒரு கோலும் விடவில்லை, 2-0 என்று வென்றார்கள். அதன்பின் ஹாமில்டன் நகரத்தில் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த எமில் கெனெஸ்கி என்ற தொழிலாளி அந்தப் பாட்டை அகலமாக்கித் தைக்கத் தொடங்கினார். தோலுக்குள் மான் மயிரைத் திணித்து அவர் தைத்த பாட்களைப் பல தலைமுறைக் கோல்காப்பாளர்கள் கட்டினார்கள். ஒரே கிரிக்கெட் பாட் இரண்டு நாடுகளுக்குப் போனது. ஓரிடத்தில் அது தனித் தொழிலாக, தனிக் கடையாக, தனி ஆளுக்குரிய கருவியாக வளர்ந்தது. மற்ற இடத்தில் கிரிக்கெட்டிலிருந்து இரவல் வாங்கிய பொருளாகவே நெடுங்காலம் கிடந்தது. பனித்தரையில் உருளும் ரப்பர் வட்டின் எடையும் ஏறத்தாழ நமது ஹொக்கிப் பந்தின் எடைதான், 156 முதல் 170 கிராம் வரை. ஆகவே ஆபத்து பெரிது, அதனால் கவனிப்பும் பெரிது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கனடாவிலும் தொடக்கத்தில் கோல்காப்பாளருக்கு மரியாதை இருந்ததென்று நினைக்க வேண்டாம். தேசிய ஹொக்கி லீக் தொடங்கிய 1917இல் அவர் முழங்காலிட்டாலோ விழுந்தாலோ அது குற்றம். நின்றபடியேதான் தடுக்க வேண்டும். ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட் வேண்டுமென்றே தடுமாறி விழுவதுபோல விழுந்து விழுந்து தடுத்ததைப் பார்த்து, 1918 ஜனவரியில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். தடுக்கிறவன் தரையில் விழலாம் என்ற சின்ன அனுமதிக்கே ஒரு பிடிவாதக்காரன் தேவைப்பட்டிருக்கிறான். அடுத்து ஜோர்ஜ் வெசினா. 1910 முதல் மொன்றியல் கனேடியன்ஸ் அணிக்கு ஓர் ஆட்டமும் தவறாமல் நின்ற அவர், 1925 நவம்பர் 28 அன்று காய்ச்சலோடு ஆடவந்து பனித்தரையில் சரிந்தார். காசநோய். அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். அவர் பெயரில் அணியின் உரிமையாளர்கள் ஒரு கிண்ணம் வைத்தார்கள், அந்தப் பருவத்தில் மிகக் குறைந்த கோல் விட்டவருக்கு என்று. 1926-27 முதல் அது கொடுக்கப்படுகிறது. அந்த உரிமையாளர்களில் ஒருவரான ஜோசப் கத்தாரினிச் தானும் ஒரு காலத்தில் கோல்காப்பாளராக நின்றவர் என்பதைக் கவனியுங்கள். வாசலில் நின்று பார்த்தவருக்கு எதை எண்ண வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இங்கேதான் இரண்டு பாதைகளும் பிரிகின்றன என்று நினைக்கிறேன். கிண்ணம் என்று ஒன்று வந்ததும் கணக்கு வந்தது. கோல் விடாமல் முடித்த ஆட்டம் அணியின் பெயரில் மட்டுமல்லாமல் அந்த ஆளின் பெயரிலும் ஏறியது. 1950களில் வாசலை நோக்கி வந்த அடிகளையும் லீக் எண்ணத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில், வந்த அடிகளில் எத்தனை வீதம் நின்றன என்பதும் அதிகாரபூர்வக் கணக்காகியது. அதன் விளைவைப் பாருங்கள். டெரி சோச்சுக் என்ற கோல்காப்பாளர் 1970இல் நாற்பது வயதில் இறந்தார். பருவகால ஆட்டங்களில் கோல் விடாமல் அவர் முடித்தவை 103. அந்த எண் 39 வருடம் சுவர்போல நின்றது. 2009 டிசம்பரில் மார்ட்டின் ப்ரொடர் அதைத் தாண்டியபோது, சோச்சுக் இறந்தபிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாம் சோச்சுக்கின் பெயரைச் சொன்னார்கள். க்ளென் ஹோல் முகமூடி இல்லாமல் தொடர்ந்து 502 ஆட்டம் நின்றார் என்பது இன்னொரு எண். எண் இருக்கிற இடத்துக்கு நினைவு திரும்பி வருகிறது. கனடாவின் ஸ்காபரோவில் வளர்கிற நமது திருகோணமலைப் பிள்ளைகளும் அந்த எண்களைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

எண்ணப்படுகிறவனுக்குத்தான் கேட்கிற துணிவும் வரும். 1959 நவம்பர் 1, நியூயோர்க். ரேஞ்சர்ஸ் அணியின் அன்டி பாத்கேட் அடித்த வட்டு மொன்றியல் கோல்காப்பாளர் ஜாக் ப்ளான்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், பயிற்சியில் தான் போட்டுப் பழகியிருந்த கண்ணாடியிழை முகமூடி இல்லாமல் திரும்ப இறங்கமாட்டேன் என்றார். பயிற்றுநர் டோ ப்ளேக்குக்கு அது பிடிக்கவில்லை. முகமூடி போட்டால் கண் மறையும், பயந்தவன் என்று பெயர் வரும் என்பது அக்காலத்து எண்ணம். ஆனால் பயிற்றுநருக்கு வேறு வழி இருக்கவில்லை. ப்ளான்ட் முகமூடியோடு இறங்கினார், மொன்றியல் 3-1 என்று வென்றது. அடுத்த மார்ச்சில் பயிற்றுநரின் வேண்டுகோளுக்காக ஓர் ஆட்டம் முகமூடியைக் கழற்றி ஆடினார், 3-0 என்று தோற்றார்கள். அதோடு விவாதம் முடிந்தது. பருவத்துக்குப் பருவம் வெசினா கிண்ணம் வாங்கிய ஒருவர் என்பதால்தான் அவரால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிந்தது; அவருடைய மதிப்பு ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தது, பயிற்றுநரின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அதே 1959இல் படைவீரர் லக்ஷ்மண் தன் வெறும் முகத்தைக் காட்டி எந்தத் தாளை முன்வைத்து எதைக் கேட்டிருக்க முடியும்?

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. இந்தியாவின் பழைய அணிகளில் கோல்காப்பாளருக்கு வேலையே இருக்கவில்லை, முன்வரிசை அப்படிப்பட்டது, வேலை செய்யாதவரை எதற்கு எண்ணுவது என்பார்கள். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டத்தில் 29 கோல் அடித்தது. அதில் 14 தியான் சந்த் அடித்தவை. வாசலில் நின்ற ரிச்சர்ட் அலன் விட்டது ஒன்றுமில்லை. 14 என்ற எண் ஹொக்கி தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அலனின் சுழியத்தை யாரும் அவருடையதாகச் சொல்வதில்லை. 1932இல் லொஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவை 24-1 என்று வென்றபோது, அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: அலன் வாசலுக்குப் பின்னால் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். கதை உண்மையா புனைவா என்பது இங்கே முக்கியமல்ல. மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஒரு கோல்காப்பாளரைப் பற்றி ஊர் வைத்திருக்கிற ஒரே கதை, அவர் விட்ட கோலைப் பற்றியது என்பதுதான் முக்கியம். வேலை இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கும் எண்ணிக்கைதான் பதில் தரும். சுழியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. பந்தே வராத சுழியமும் உண்டு, இருபது பந்து வந்து இருபதும் நின்ற சுழியமும் உண்டு. வந்ததை எண்ணாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மெல்பேர்னில் இந்தியா 38 கோல் அடித்து ஒன்றும் வாங்காமல் தங்கம் வென்றது. அமெரிக்காவை 16-0 என்று வென்ற ஆட்டத்தின் சுழியமும் பாகிஸ்தானை 1-0 என்று வென்ற ஆட்டத்தின் சுழியமும் ஒன்றா? தாளில் ஒன்றுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் மனதைத் தொடுவது. புறக்கணிப்பு கோல்காப்பாளருக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பது. தியான் சந்தே 1979 டிசம்பரில் டெல்லி மருத்துவமனையின் பொது வார்டில்தான் இறந்தார். லக்ஷ்மண் 1979இல் படையிலிருந்து ஓய்வுபெற்று, மாவ் நகரத்திலேயே வாழ்ந்து, காலில் ஏற்பட்ட அழுகல் நோயால் 2006 ஏப்ரல் 29 அன்று வறுமையில் இறந்தார். இரண்டு மரணத்துக்கும் காரணம் ஒன்று, பதக்கம் கொடுத்துவிட்டு ஆளை மறக்கிற அரசு என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். வறுமையில் இருவரும் சமம், நினைவில் சமமில்லை. தியான் சந்தின் பிறந்த நாள் இந்தியாவின் தேசிய விளையாட்டு நாள். அவருடைய தன்வரலாறு 1952இல் சென்னையில் அச்சானது. அதன் பெயரே ‘கோல்’. மறுபக்கம், 1972இல் மியூனிக்கில் வெண்கலம் வாங்கிய கண்ணூர்க்காரரான கோல்காப்பாளர் மானுவல் ப்ரெடரிக்குக்குத் தியான் சந்த் பெயரிலான விருது வந்தது 2019இல், 47 வருடம் கழித்து. சோச்சுக்கின் வாழ்க்கையும் சுகமானதல்ல. முகமெல்லாம் தையல், கடைசி நாட்கள் துயரம். எண்ணிக்கை ஒருவருக்குச் சோறு போடும் என்று நான் சொல்லவரவில்லை. அவர் என்ன செய்தார் என்பது அவரோடு செத்துப்போகாமல் அது காக்கும் என்கிறேன்.

நமக்கு இன்னும் நெருங்கிய ஒரு பெயர் உண்டு. பீற்றர் தங்கராஜ், 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உதைபந்தாட்டக்காரர். முதலில் முன்வரிசை நடுவில் ஆடியவர். 1953இல் படையில் சேர்ந்து, நீலகிரியின் வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு வந்தபின் வாசலுக்கு மாறினார். அந்த அணி 1955இலும் 1958இலும் டுராண்ட் கிண்ணம் வென்றது. 1956 மெல்பேர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக் அணியில் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் என்று பெயர் பெற்றார், 1967இல் அர்ஜுனா விருது. 1962 செப்டெம்பர் 4 அன்று ஜகார்த்தாவில், அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தபோது, தென்கொரியாவுக்கு எதிரான ஆசிய விளையாட்டு உதைபந்தாட்ட இறுதியில் வாசலில் நின்றவர் அவர். இந்தியா 2-1 என்று வென்றது. அடித்தவர்கள் பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும். ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியா கடைசியாக வாங்கிய அந்தத் தங்கத்தைப் பற்றிப் பேசும்போது பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று முன்வரிசைக்காரரின் பெயரை ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். தங்கராஜின் பெயர் அந்த மூச்சுக்குள் வராது. லக்ஷ்மணும் தங்கராஜும் இருவருமே படைவீரர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. காவல் நிற்பதே தொழிலாக இருந்த இடத்தில்தான் வாசல் காக்க ஆள் கிடைத்தது. காவலாளியின் நல்ல இரவு என்பது ஒன்றும் நடக்காத இரவு, அதற்குப் பதிவேட்டில் ஒரு வரிதான்.

எண்ணுவதே பொய்யாகலாம் என்ற மறுப்பையும் தட்டிக்கழிக்க முடியாது. குறைந்த கோல் விட்டவருக்குக் கிண்ணம் என்றால், நல்ல பின்வரிசை உள்ள அணியின் கோல்காப்பாளருக்கே அது போகும். திறமையற்ற அணியில் நின்று ஒவ்வோர் இரவும் நாற்பது அடியைத் தடுக்கிறவருக்குப் போகாது. இந்த மறுப்பு சரியானதுதான். லீக்கே அதை ஒத்துக்கொண்டது. 1981-82 முதல் குறைந்த கோல் கணக்குக்கு வேறொரு கிண்ணத்தை வைத்து, வெசினா கிண்ணத்தை அணி மேலாளர்களின் வாக்குக்கு விட்டது. ஆனால் இது எண்ணுவதை நிறுத்தச் சொல்கிற வாதமல்ல, இன்னும் கவனமாக எண்ணச் சொல்கிற வாதம். ஐம்பத்தைந்து வருடம் ஒரு குறையுள்ள கணக்கை வைத்திருந்ததால்தான் அதன் குறையை அவர்களால் பார்க்க முடிந்தது. கணக்கே வைக்காதவர்களுக்குத் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது என்று இந்திய ஹொக்கிக் கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷைக் காட்டுவார்கள். எர்ணாகுளம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த அவர், 2021 ஓகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியோடு 5-4 என்றிருந்தபோது கடைசி வினாடிகளில் வந்த பெனால்டி கோர்னரைத் தடுத்து, கோல் கம்பத்தின் மேல் ஏறி அமர்ந்த படம் எல்லா வீட்டுக்கும் போனது. 2024இல் பாரிஸ் காலிறுதியில் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா பிரித்தானியாவை ஷூட்அவுட்டில் வென்றது அவரால். ஓய்வுபெற்றபோது அவருடைய 16ஆம் இலக்கச் சட்டையை இனி மூத்தோர் அணியில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். இது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது எது? ஷூட்அவுட் என்பது, ஒருவர் அடிக்க ஒருவர் தடுக்க, தடுத்ததைத் தாளில் எழுதுகிற ஒரே கட்டம். அங்கே தடுத்தது புள்ளிக்குச் சமம். திரும்பத் திரும்பக் காட்டுகிற தொலைக்காட்சி மற்றதைச் செய்தது. ஆக ஸ்ரீஜேஷ் என் வாதத்துக்கு விதிவிலக்கல்ல. எண்ணத் தொடங்கியதும் கோல்காப்பாளர் தெரியத் தொடங்கினார்.

சம்பூரில் இருந்து இதை யோசிக்கும்போது விளையாட்டைத் தாண்டியும் ஓர் உறுத்தல் வருகிறது. 2006 ஏப்ரல் 25 மாலை இந்தப் பகுதியில் குண்டு விழத் தொடங்கியது, சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. அந்த வாரத்துச் சனிக்கிழமைதான் மாவ் நகரத்தில் லக்ஷ்மண் கண்ணை மூடினார். கிட்டத்தட்டப் பத்து வருடம் முகாம்களில் கிடந்து, 2015, 2016இல்தான் மக்களுக்குத் தங்கள் காணிக்குத் திரும்ப வழி பிறந்தது. காணி உறுதியைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் விளையாட்டுக் கழகத்துக் கொப்பியை யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? அடித்தவர் பெயராவது ஆட்களின் வாயில் மிஞ்சும். மறித்தவர் பெயர் முதலில் போய்விடும். இதே சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் கட்டுவதாக இருந்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன, 2016 செப்டெம்பரில் அரசு அதைக் கைவிடுவதாக உச்ச நீதிமன்றத்துக்கு அறிவித்தது. கொட்டியாரக் குடாவின் கரையில் சாம்பல் மேடு இல்லை, புகைபோக்கி இல்லை. இல்லாததைப் படம்பிடிக்க முடியாது. தடுத்தவர்களின் வரலாறு எழுதக் கடினமானது என்பதற்கு விளையாட்டு ஓர் எளிய சான்று மட்டுந்தான். எளியது என்பதாலேயே அங்கே அதைச் சரிசெய்யவும் முடியும்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், பந்து படாத தூரத்தில், ஒற்றைக் கோடு போட்ட கொப்பியோடு ஒரு பிள்ளை இருந்தால் போதும். பந்து வாசலை நோக்கி வந்து நின்றால் ஒரு கோடு. நான்கு கோடு சேர்ந்ததும் ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒன்று. மேலே திகதி, எதிர் அணி, வாசலில் நின்றவரின் பெயர்.